கார்னிவல் கிளாஸ்னா திருவிழா ஸ்டால்ல பரிசா குடுக்கறதுக்குன்னே செஞ்ச கண்ணாடியா?

இல்லங்க. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன். நாங்க இருக்கறது ஒஹாயோவுல, ஞாயித்துக்கிழமையானா பழைய சாமான் சந்தைக்குப் போயிடுவேன், அங்க ஒரு ஆரஞ்சு கிண்ணம், மழைத்தண்ணில பெட்ரோல் சிந்துனா தெரியுமே அந்த மினுமினுப்போட இருந்துச்சு, வித்தவர் இதே பரிசுக் கதையத்தான் சொன்னார்.

கார்னிவல் கிளாஸ்ங்கற பேரே பிற்காலத்துல, 1950கள் வாக்குல சேகரிக்கறவங்க மத்தியில பரவுனது. டிஃபனின்னு ஒரு அமெரிக்கக் கம்பெனியோட மினுமினுக்கற கண்ணாடி பணக்காரங்க சமாச்சாரம், அதே பளபளப்ப அச்சுல அழுத்துன சாதா கண்ணாடி மேல, சூடா இருக்கறப்பவே உலோக உப்புக் கரைசல ஸ்ப்ரே பண்ணிக் கொண்டு வந்து 1908 வாக்குல மேற்கு வர்ஜீனியாவுல ஃபென்டன் கம்பெனி விக்க ஆரம்பிச்சுது. நார்த்வுட், இம்பீரியல் எல்லாம் பின்னாடியே வந்துட்டாங்க.

வித்த விதம்தான் எனக்கு சுவாரசியம். பட்லர் பிரதர்ஸ்னு 1877ல பாஸ்டன்ல ஆரம்பிச்ச ஒரு ஹோல்சேல் வியாபாரம், ஊர் ஊராப் போய் ஆர்டர் புடிக்கற ஆளுக்குப் பதிலா கேட்லாக்கையே அனுப்பிடுவாங்க, அதுக்குப் பேரே ‘அவர் டிரம்மர்’ (Our Drummer), டிரம்மர்னா அப்போ ஊர் சுத்தி விக்கற ஆளு, அதாவது அந்தப் புத்தகம்தான் அவங்க சேல்ஸ்மேன். நமக்கெல்லாம் கெடைக்காது, கடைக்காரங்களுக்கு மட்டும்தான். அதுல இந்தக் கண்ணாடிய பெரும்பாலும் அசார்ட்மென்ட்டாத்தான் போட்டிருப்பாங்க, கிண்ணம், தட்டு, ஜாடின்னு கலந்து டஜன் கணக்குல வைக்கோல் வெச்சு பீப்பாய்ல அடைச்சு நேரா ஃபேக்டரில இருந்தே வரும், பீப்பாய்க்குத் தனிக் காசு வேற! இது வேணும் அது வேணாம்னு பொறுக்கவெல்லாம் முடியாது, வந்தத வித்துக்க வேண்டியதுதான். விளம்பரம் பூரா வானவில்லு, தங்கம், சூரிய அஸ்தமனம்னு அளந்து விட்டிருப்பாங்க, படம் என்னவோ கறுப்பு வெள்ளைல. ஃபேஷன் போனப்புறம் மிச்சம் இருந்தது மலிவா தள்ளுபடி ஆச்சு, திருவிழா ஸ்டாலுக்குப் போனது அப்போதான்னு சொல்வாங்க.

இன்னிக்கு எங்கள மாதிரி சேகரிக்கறவங்களுக்கு எது யார் செஞ்சதுன்னு கண்டுபுடிக்க அந்தக் கேட்லாக் பக்கங்கதான் கண்ணு மாதிரி. நார்த்வுட் நெறைய சாமான்ல வட்டத்துக்குள்ள ‘என்’ எழுத்து போட்டிருப்பாங்க, ஃபென்டன் அந்தக் காலத்துல ஒண்ணுமே போடல, கேட்லாக்லயும் முக்கால்வாசி செஞ்சவன் பேரு இருக்காது. ஆனா ஒரு பீப்பாய்க்குள்ள வந்ததெல்லாம் அனேகமா ஒரே ஃபேக்டரி சரக்கு, அதனால அந்தப் படத்துல ஒரு சாமான் யாருதுன்னு தெரிஞ்சுட்டா பக்கத்துல இருக்கறதும் அவனுதுன்னு புடிச்சிடலாம். என் கிண்ணத்த அப்படி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தேடுனேன், வீட்டுக்காரர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், இதுல ரசம் ஊத்தலாமா கூடாதா.