புலம்பெயர் ஆசியர் பண்பாட்டைப் பல்கலைக்கழகத்தில் படிக்கலாமா? அங்கே நமக்கென்று ஒரு கூட்டம் கிடைக்குமா?

கிடைக்கும். நீங்கள் எதிர்பார்க்கும் முகங்களாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. "வேலைக்கு உதவாத படிப்பு" என்று வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். என் பெரியம்மாவும் அதையேதான் சொன்னார்.

நான் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குக் கனடாவின் ஸ்காபரோவில் பிறந்தவள். ஆசியக் கனடியர் வரலாற்று வகுப்பில் தமிழ்ப் பிள்ளை நான் ஒருத்திதான். ஒரு நாள் சீன வம்சாவளி மாணவி ஒருத்தி தன் பூட்டனாரின் தலைவரிச் சான்றிதழ்ப் பிரதியைக் கொண்டுவந்தாள். அதில் மெலிந்த ஓர் இளைஞனின் படம். பக்கத்தில் 500 டொலர் கட்டியதற்கான குறிப்பு. கனடாவுக்குள் வரச் சீனரிடம் மட்டும் வாங்கிய இந்தத் தலைவரி 1885இல் 50 டொலராகத் தொடங்கி 1903இல் 500 ஆனது. அதுவும் போதாதென்று 1923இல் சட்டம் போட்டு வாசலையே அடைத்தார்கள். 1947இல் அது நீங்கிய பிறகுதான் அவரால் மனைவியை அழைக்க முடிந்ததாம். பேசி முடிக்கும்வரை அவள் அந்தப் படத்தின் மேலிருந்து விரலை எடுக்கவில்லை.

அடுத்துப் பேராசிரியர், 1914இல் பெரும்பாலும் பஞ்சாபியரான 376 பேருடன் வன்கூவருக்கு வந்து திருப்பி அனுப்பப்பட்ட கோமகட்டா மாரு கப்பலைப் பற்றிச் சொன்னார். நான் கை உயர்த்தினேன். 1986 ஆகஸ்டில் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 ஈழத்தமிழரையும், அவர்களைக் காப்பாற்றிய மீனவர்களையும் பற்றிச் சொன்னேன். எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. அந்த வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. வெளியே வந்தபோது அந்தச் சீன மாணவியும் ஒரு பஞ்சாபி மாணவனும் எனக்காகக் காத்து நின்றார்கள். இருட்டும்வரை பேசினோம். இன்றும் என் மனதுக்கு நெருக்கமானவர்கள் அவர்கள்தான்.

தமிழரை விட்டுவிட்டு வேற்றாரோடு சேரச் சொல்கிறாள் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எல்லோருடைய துயரமும் ஒன்று என்றும் நான் சொல்லவில்லை. போருக்குத் தப்பி வந்தது வேறு, வரி கட்டி வந்தது வேறு. ஆனால் என் கதையைக் குறுக்கிடாமல் கேட்டவர்கள் அவர்கள்.

நம்மவர் நிகழ்ச்சிகளிலோ, இளையோர் வருவதில்லை என்று மேடைக்கு மேடை குறைபடுகிறார்கள். வந்தால் கதிரை அடுக்கத்தான் விடுகிறார்கள். படகில் வந்தவர்களின் அனுபவங்களை ஒலிப்பதிவு செய்வோம் என்று ஒரு சங்கத்திடம் கேட்டேன். "பிறகு பார்ப்போம் பிள்ளை" என்றார்கள். அந்தப் 'பிறகு' இன்னும் வரவில்லை. அன்று இளைஞர்களாக வந்து இறங்கியவர்களுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். எப்போது கேட்பதாம்?

முதலாண்டிலேயே ஒரு பாடம் எடுத்துப் பாருங்கள். போகும் முன் அம்மம்மாவிடமோ அப்பாவிடமோ அவர்கள் வந்த வழியைக் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். வகுப்பில் கட்டாயம் கை உயர்த்துங்கள்.