கேளுங்கள், சொல்கிறேன்: நரைத்த தேக்கும் கடற்காற்றும்

கேள்வி: பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கியிருக்கிறேன். உடம்பு ஃபைபர், ஓர விளிம்பும் சுக்கான் பிடியும் தேக்கு. மரம் சாம்பல் நிறமாகிவிட்டது, வார்னிஷ் செதில் செதிலாக உரிகிறது. வீட்டுக் கதவுக்கு வாங்கிய வார்னிஷ் மீதி இருக்கிறது. அதையே மேலே அடித்துவிடலாமா ஐயா?
(வாசகர், தேங்காய்த்திட்டு, புதுச்சேரி)

பதில்: வேண்டாம் தம்பி. கதவு வார்னிஷ் நிழலுக்கானது. வெயிலில் மரம் விரிந்து சுருங்கும்போது அது கூடவே வளையாது, வெடித்துவிடும். வெயிலைத் தாங்கும் மருந்து கலந்த மரைன் வார்னிஷ்தான் படகுக்கு.

நரைத்ததைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வெயில் மரத்தின் மேல்தோலை மட்டும்தான் அரித்திருக்கும். ஒரு மூலையில் கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள், உள்ளே தேன் நிறம் தெரியும். கத்தி முனை மெத்தென்று இறங்கினால் மட்டும் கவலைப்படுங்கள். அது உளுப்பு, அந்தத் துண்டை வெட்டி மாற்ற வேண்டும்.

பழைய வார்னிஷ் ஒரு பொட்டுகூட மிஞ்சாமல் சுரண்டி எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மர ரேகைக்குக் குறுக்காக, மெத்தென்ற பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். ரேகையோடு தேய்த்தால் மென்மையான பகுதி மட்டும் கரைந்து பள்ளம் விழும். கம்பி பிரஷ் கூடவே கூடாது, உடைந்த கம்பித் துணுக்கு மரத்திலேயே துருப்பிடிக்கும். உப்பு போய்விட்டதா என்று சாயங்காலம் கை வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்; மறுபடியும் கழுவுங்கள்.

நன்றாகக் காய்ந்த பிறகு 80 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 120, கடைசியில் 220. தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு. அது இருக்கும்வரை வார்னிஷ் ஒட்டாது. தின்னர் நனைத்த துணியால் துடையுங்கள், துணி மாற்றி மாற்றித் துடையுங்கள், துணியில் பழுப்பு ஏறுவது நிற்கும் வரைக்கும்.

முதல் பூச்சில், அதாவது முதல் கோட்டில், வார்னிஷும் டர்பன்டைனும் சரிபாதி. மரம் அதைக் குடிக்க வேண்டும். இரண்டாவதில் டர்பன்டைன் கால் பங்கு போதும். அப்புறம் வார்னிஷ் மட்டும். மொத்தம் 6 கோட்டுக்குக் குறையக்கூடாது. ஒவ்வொன்றும் ஒரு ராத்திரி காய வேண்டும். அடுத்த கோட்டுக்கு முன் 320 நம்பர் தாளால் லேசாகத் தேய்த்துத் தூசி துடைக்க வேண்டும். மரத்தின் வெட்டுமுனைகளுக்கும் திருகாணி ஓட்டைகளுக்கும் நீர்த்த கோட்டு கூடுதலாக இரண்டு கொடுங்கள். தண்ணீர் உள்ளே போவதும் வார்னிஷ் உரிய ஆரம்பிப்பதும் அங்கேதான்.

எந்தக் கம்பெனி டப்பா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எத்தனை மணிக்கு அடிப்பது என்று யாரும் கேட்பதில்லை. நம் கரையில் அதுதான் முக்கியம். காலையில் மரத்தில் பனி ஈரம் இருக்கும், அது காயட்டும். மத்தியானம் கடற்காற்று உப்பையும் மணலையும் வாரிக்கொண்டு வருவதற்குள் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட வேண்டும். ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் முடிக்கிற அளவுக்கு மட்டும் ஆரம்பியுங்கள். சாயங்காலம் அடித்தால் ராத்திரிப் பனியில் வார்னிஷ் பால் படிந்த மாதிரி மங்கிவிடும். மாசி, பங்குனி நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் படகு மரத்துக்கு முந்திரிக் கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் பூசுவார்கள். விளிம்புக்கும் அதையே பூசலாமா?
(வாசகி, தேவனாம்பட்டினம், கடலூர்)

பதில்: முந்திரிக்குப் பேர்போன பண்ருட்டி பக்கத்திலேயே இருக்கும்போது கேட்க வேண்டிய கேள்விதான் அம்மா. கடல் படகின் பலகைக்கு அது அருமையான காப்பு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மரம் கறுத்துவிடும், ரேகை தெரியாது. காயாத எண்ணெய் தோலில் பட்டால் புண்ணாகும். கை பிடிக்கிற இடமெல்லாம் விளிம்பும் சுக்கான் பிடியும்தானே! அங்கே வேண்டாம். ஆளி விதை எண்ணெயும் வேண்டாம், நம் ஈரக் காற்றில் கறும்பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி: ஆணியைச் சுற்றிக் கறுப்பு வளையம். எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை.
(வாசகர், அரியாங்குப்பம்)

பதில்: இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து விழுந்த கறை அது. ஆணியைப் பிடுங்குங்கள். ஆக்ஸாலிக் ஆசிட் தூளை வெந்நீரில் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு பூசி, வெளுத்ததும் நல்ல தண்ணீரில் பலமுறை கழுவுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். திரும்பப் போடும்போது துருப்பிடிக்காத எவர்சில்வர் திருகாணி போடுங்கள்.