காது கொடுத்துக் கேட்போம்: உட்செவிக்குள் ஒரு மைக்

மகனுக்கு ஐந்து வயது. காக்ளியர் இம்ப்ளாண்ட் (ஒலியை மின்துடிப்பாக்கி உட்செவி நரம்புக்குத் தரும் கருவி) வைத்திருக்கிறோம். பனிக்காலத்தில் கம்பளிக் குல்லா போட்டால் "கரகரன்னு கேக்குதும்மா" என்று கழற்றி எறிகிறான். மைக்கையும் உள்ளேயே வைத்துவிட முடியாதா?
– வாசகி, குன்னூர்

அவன் சொல்வது சரிதான். காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியில் மைக்கின் துளைகள் மேல் விளிம்பில் இருக்கும். கம்பளி உரசினால் அந்த உரசல்தான் முதலில் உள்ளே போகும். துளை இருக்கும் இடத்தில் மட்டும் வழவழப்பான மெல்லிய பருத்தித் துணியை உள்பக்கமாகத் தைத்துப் பாருங்கள். குல்லா இறுக்கமாகவும் இருக்கக் கூடாது, ஆடவும் கூடாது. இரவில் கருவியைச் சிலிக்கா ஜெல் டப்பாவில் வையுங்கள். நம்மூர் மூடுபனியில் ஈரம் கோத்துக்கொண்டாலும் இதே கரகரப்பு வரும்.

மைக்கை உள்ளே வைக்கும் முயற்சி புதிதல்ல. 2005இல் மெல்போர்னில் மூன்று பேருக்கு எல்லாமே தோலுக்குள் அடங்கிய இம்ப்ளாண்ட்டைப் பொருத்தினார்கள். மைக் காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் இருந்தது. வேலை செய்தது, ஆனால் வெளி மைக் அளவுக்குப் பேச்சு தெளிவாக இல்லை. மெல்லுவதும் விழுங்குவதும் சேர்ந்தே கேட்டன. அதனால்தான் ஆய்வுகள் தோலை விட்டு நடுச்செவிக்கும் உட்செவிக்கும் நகர்ந்தன.

காலர் மைக்கைச் சின்னதாக்கி உள்ளே வைத்தால் முடிந்ததே? அதில் என்ன சிக்கல்?
– இயற்பியல் மாணவர், ஊட்டி

சின்னதாக்குவது எளிது. செல்போனில் இருக்கும் மைக்கே அரிசியளவுதான். ஆனால் அது காற்றுக்காகச் செய்தது. நத்தைக்கூடு எனப்படும் காக்ளியா, சுமார் 35 மில்லிமீட்டர் நீளக் குழாயை இரண்டரைச் சுற்றாகச் சுருட்டி, உள்ளே திரவம் நிரப்பி வைத்த அமைப்பு. அங்கே ஒலி திரவத்தின் அழுத்தமாகத்தான் ஓடுகிறது.

அளப்பதற்கும் காலமெல்லாம் உள்ளே வைத்திருப்பதற்கும் வெவ்வேறு கருவிகள் வேண்டும். பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அளப்பதற்கு 1990களின் கடைசியில் எலிசபெத் ஓல்சன் என்ற ஆய்வாளர் கொண்டுவந்த முறை இன்றும் நிற்கிறது. மெல்லிய கண்ணாடிக் குழலின் நுனியில் தங்கம் பூசிய பாலிமர் சவ்வு. உள்ளே ஓர் ஒளியிழை. சவ்வு அசைய அசைய, திரும்பி வரும் ஒளியின் அளவு மாறும். இதில் மின்சாரமே இல்லாததால், இம்ப்ளாண்ட்டின் மின்துடிப்புகள் பக்கத்திலேயே ஓடினாலும் அளவீடு கெடாது.

உடல்தானமாகக் கிடைத்த பொட்டெலும்பில்தான், அதாவது காதை உள்ளடக்கிய மண்டையெலும்புப் பகுதியில்தான், சோதனை நடக்கும். காக்ளியாவின் குழாய் நீளவாக்கில் மேல், கீழ் என அறைகளாகப் பிரிந்திருக்கும். ஒலியை உள்ளே தள்ளும் குட்டி எலும்பான அங்கவடிக்குப் பக்கத்தில் மேல் அறைக்கு ஒரு துளை, கீழ் அறையின் சவ்வு மூடிய வாயான வட்டச் சாளரத்துக்குப் பக்கத்தில் கீழ் அறைக்கு ஒரு துளை. இரண்டும் அரை மில்லிமீட்டருக்குள். இரண்டு அறைகளின் அழுத்த வித்தியாசம்தான் நமக்குக் கேட்கும் ஒலி. துளையைத் தண்ணீருக்குள் வைத்தே போட வேண்டும். காற்றில் போட்டால் ஒரு குமிழி உள்ளே போய்விடும். திரவம் அமுங்காது, குமிழி அமுங்கும். தாழ்ந்த சுருதிகளின் அழுத்தத்தை அந்தக் குமிழியே விழுங்கிவிடும். சென்சாரைச் செருகியபின் சுற்றியுள்ள இடுக்கைப் பல் டாக்டர்கள் அச்செடுக்கும் பசையால் அடைப்பார்கள். அடைப்பு சரியா என்பதற்கு நல்ல சோதனை ஒன்று உண்டு. தாழ்ந்த சுருதி ஒன்றைக் கொடுத்து, லேசர் அதிர்வுமானியால் அங்கவடியையும் வட்டச் சாளரத்தையும் பாருங்கள். ஒன்று உள்ளே போகும்போது மற்றது வெளியே வர வேண்டும். வரவில்லையென்றால் எங்கோ கசிகிறது அல்லது குமிழி இருக்கிறது. எலும்பு காய்ந்தால் தசைநார்கள் விறைத்துவிடும் என்பதால் உப்புநீரால் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

காலமெல்லாம் வைக்க இது தோதுப்படாது. சவ்வு மிக நொய்மை. அதற்குத்தான் பி.வி.டி.எஃப் என்ற பீசோ பிளாஸ்டிக் தாள். அமுக்கினாலும் வளைத்தாலும் மின்னூட்டம் தரும். எவ்வளவு தரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பேச்சொலி 60 டெசிபல் என்றால் 0.02 பாஸ்கல். ஒரு சதுர சென்டிமீட்டர் தாளை அந்த அழுத்தம் நேராக அமுக்கினால், நியூட்டனுக்கு 33 பிகோகூலூம் வீதம், சுமார் 400 எலக்ட்ரான்கள். காதுக்குள் வைக்கும் அளவுக்கு நறுக்கினால் இருபதுகூடத் தேறாது. அதனால் யாரும் தாளை நேராக அமுக்குவதில்லை. நீச்சல் குளத்தில் குதிக்கும் பலகைபோல் ஒரு முனையைப் பிடித்து, மறுமுனையை வளைய விடுகிறார்கள்.

2024இல் எம்.ஐ.டி., மாசசூசெட்ஸ் கண்-காது மருத்துவமனை, ஹார்வர்ட் மருத்துவப் பள்ளி, கொலம்பியா பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் காட்டிய கருவி இந்த வகைதான். 3 மில்லிமீட்டர் முக்கோணம், 200 மைக்ரான் தடிமன். வளையும் சர்க்யூட் தாளின் இரு பக்கமும் ஒவ்வொரு பி.வி.டி.எஃப் தாள். வளையும்போது இரண்டும் எதிரெதிர்க் குறியில் மின்னூட்டம் தரும். வெளி இரைச்சலோ இரண்டிலும் ஒரே குறியில் ஏறும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரைச்சல் போய் ஒலி மிஞ்சும். வைக்கும் இடம் காக்ளியா அல்ல. செவிப்பறையின் நடுவில் சுத்தி எலும்பின் நுனி தொடும் இடம், அதாவது அம்போ. மற்ற எலும்புகள் சுருதிக்குச் சுருதி ஆட்டத்தை மாற்றும். அம்போ பெரும்பாலும் ஒரே திசையில் உள்ளே வெளியே போகும். காக்ளியாவில் துளையும் வேண்டாம். நோயாளிக்கு முதலில் கிட்டப்போவது இந்த வழிதான் என்பது எங்கள் கணிப்பு. ஆனால் செவிப்பறையோ சுத்தி எலும்போ சிதைந்தவருக்கு இது உதவாது. அவருக்காகத்தான் காக்ளியாவுக்குள் வைக்கும் ஆய்வும் நிற்காமல் நடக்க வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறினால் பர்லியாறு தாண்டியதும் காது அடைக்கிறது. உள்ளே மைக் இருந்தால் அது என்ன ஆகும்?
– வாசகர், கோத்தகிரி

அருமையான கேள்வி. மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. இடையில் காற்றழுத்தம் ஏறத்தாழ 20,000 பாஸ்கல் குறைகிறது. பேச்சொலியின் 0.02 பாஸ்கலோடு ஒப்பிட்டால் பத்து லட்சம் மடங்கு!

சாதாரண மைக்கில் சவ்வுக்குப் பின்னால் ஊசித்துளை ஒன்று இருக்கும். அழுத்தம் இரு பக்கமும் சமமாகிவிடும். திரவத்துக்குள் வைக்கும் மைக்கில் அந்தத் துளை வைக்க முடியாது, திரவம் புகுந்துவிடும். சமவெளியில் மூடி ஒட்டிய மைக், மலையில் சவ்வு உப்பி விறைத்துக் கூர்மை குறையும். பீசோ தாளுக்கு இந்தத் தொல்லை குறைவு. மணிக்கணக்கில் மெல்ல மாறும் அழுத்தம் தரும் மின்னூட்டம், ஆம்ப்ளிஃபையரின் மின்தடை வழியாகக் கசிந்து போய்விடும்.

ஆனால் அம்போவில் வைத்த கருவிக்கு வேறு ஆபத்து. பேச்சுக்கு அம்போ அசைவது சில நானோமீட்டர்தான். காது அடைத்துச் செவிப்பறை வெளியே தள்ளப்படும்போது அது மில்லிமீட்டரின் பத்தில் சில பங்கு நகர்ந்துவிடும். சென்சாரின் நுனி தொட்டும் தொடாமலும் வைத்திருந்தால் பிடி விட்டுப்போகும். அழுத்தி வைத்தாலோ அம்போவின் அசைவே விறைத்துவிடும். கொஞ்சம் வளைத்து, வில் மாதிரி முன்னழுத்தத்தோடு வைப்பதே வழி. எச்சில் விழுங்குவது, கொட்டாவி விடுவது என்று நம்மூர்க்காரர்கள் செய்வதெல்லாம் அந்தக் கருவிக்கும் நல்லதே.

எத்தனை வருஷம் உழைக்கும்?
– வாசகர், கூடலூர்

அதுதான் இன்னும் கெட்டியாகாத பகுதி. வழக்கமாக இம்ப்ளாண்ட் பாகங்களை உப்புநீரில் போட்டுச் சூடாக்கி, 10 டிகிரி ஏறினால் வேகம் இரட்டிப்பு என்று கணக்கிடுவார்கள். 37க்குப் பதில் 67 டிகிரியில் வைத்தால் எட்டு மடங்கு. 60 நாள், 480 நாளுக்குச் சமம். பி.வி.டி.எஃப்பில் இந்தக் கணக்கு ஏமாற்றும். அந்தச் சூட்டுக்கு அருகிலேயே தாள் தன் பீசோ குணத்தை இழக்கத் தொடங்கும். ஈரத்தால் கெட்டதா, சூட்டால் கெட்டதா என்று பிரிக்க முடியாது. மைக் வருமென்று குழந்தையின் அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள். மொழி கற்கும் வயது காத்திருக்காது.

கல்லூரி லேபில் பி.வி.டி.எஃப் தாளை வைத்துச் செய்து பார்த்தேன். இரைச்சல்தான் வருகிறது, ஒலி இல்லை. எங்கே தவறு?
– அதே மாணவர், ஊட்டி

மூன்று இடங்களைப் பாருங்கள். தாளில் நேராகச் சால்டர் வைத்தீர்களா? வைத்த இடம் செத்திருக்கும். வெள்ளி கலந்த கடத்துப் பசையோ, சிறிய கிளிப்போ போதும்.

அடுத்து, வயர். 28 மைக்ரான் தாள் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 380 பிகோஃபாரட். ஒரு மீட்டர் கோஆக்சியல் வயரே 100 பிகோஃபாரட் சேர்க்கும். வோல்டேஜ் ஆம்ப்ளிஃபையர் என்றால் சிக்னல் அங்கேயே பங்கு போய்விடும். சார்ஜ் ஆம்ப்ளிஃபையர் கட்டுங்கள்: பின்னூட்டத்தில் 10 பிகோஃபாரட், 1 கிகாஓம். 16 ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாம் வரும். 100 மெகாஓம் போட்டால் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதெல்லாம் போய்விடும். ஆண்குரலின் அடிச்சுருதி அதற்குள்தான் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்துக்குத் தாளையும் முதல் ஐ.சி.யையும் சேர்த்து ஒரே தகர டப்பாவில் மூடி, டப்பாவை எர்த் செய்யுங்கள்.

மூன்றாவது, ஊட்டிக்கே உரியது. 1 கிகாஓம் மின்தடை போட்ட போர்டில் விரல் ரேகையும் ஃப்ளக்ஸும் (சால்டர் வைக்கும்போது படியும் பிசின்) இருந்து, ஜூலை மாத மூடுபனியும் சேர்ந்தால், போர்டின் மேற்பரப்பே அதைவிடக் குறைந்த தடையாகிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, விளக்கு வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் காய வைத்து, அந்தத் தகர டப்பாவுக்குள்ளேயே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போட்டு மூடுங்கள். தாளை மட்டும் விளக்குக்குப் பக்கத்தில் விடாதீர்கள்.