முட்டை அட்டையில் வௌவால், ஜாம் பாட்டிலில் விளக்கு

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். அக்டோபர் கடைசி சனிக்கிழமை மாலை 5 முதல் 7 வரை எங்கள் குழந்தைகளுக்கு ஹாலோவீன் பார்ட்டி. 4 வயதிலிருந்து 10 வயது வரை 14 பேர். மிட்டாயும் பாட்டுமாக முடிந்துவிடாமல், கையால் ஏதாவது செய்ய வைக்க ஆசை. போன வருடம் பெயின்ட் காயவே இல்லை, எல்லாம் கசகசவென்று போயிற்று. என் சின்னவள் முகமூடியைப் பார்த்தாலே அழுகிறாள். "தீபாவளி நேரத்தில் வீட்டில் பேயா?" என்று மாமியாருக்கும் வருத்தம். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, பெங்களூரு

பதில்:

அன்புத் தோழிக்கு,

போன வருடம் கெட்டது உங்கள் திட்டம் இல்லை, பெங்களூரின் அக்டோபர். மாலை மழையில் காற்றில் ஈரம் நிற்கும். வெயில் நாளில் அரை மணியில் காயும் போஸ்டர் கலர் அப்போது ஒன்றரை மணி நேரம் எடுக்கும். அதனால் எது அழகு என்று பார்ப்பதற்கு முன்னால், எது எவ்வளவு நேரத்தில் காயும் என்று பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மூன்று வேலை போதும். நிறையக் காய வேண்டியது முதலில், காயவே வேண்டாதது கடைசியில்.

முதலில் விளக்கு. 200 - 250 மில்லி ஜாம், ஊறுகாய் பாட்டில்களை இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள். லேபிளை வெந்நீரில் ஊறவைத்து உரியுங்கள். மிச்சமிருக்கும் பிசின் தேங்காய் எண்ணெய் தேய்த்தால் வந்துவிடும். ஆனால் அந்த எண்ணெய்ப் பிசுக்கு துளி இருந்தாலும் பசை பிடிக்காது. பாத்திர சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து வையுங்கள். பட்டம் செய்கிற மெல்லிய காகிதம் ஆரஞ்சில் மூன்று தாள், மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் ஒன்று போதும். சிவப்பு வேண்டாம், பசை பட்டதும் சாயம் விட்டுப் பக்கத்து நிறத்தையும் கெடுக்கும். 200 கிராம் ஃபெவிகாலில் 100 மில்லி தண்ணீர் கலந்தால் 14 பாட்டிலுக்கும் சரியாக வரும்.

காகிதத்தைக் கத்தரிக்காமல், கட்டைவிரல் நீளத் துண்டுகளாகக் கிழிக்கச் சொல்லுங்கள். கிழிந்த ஓரம் ஒன்றின்மேல் ஒன்று படிந்து மறைந்துவிடும், கத்தரித்த ஓரம் கோடு கோடாகத் தெரியும். பாட்டிலில் பசை தடவி, துண்டை ஒட்டி, மேலே ஒரு முறை பிரஷ்ஷால் தடவ வேண்டும். ஒரு சுற்று ஒட்டினால் போதும். மூன்றாவது அடுக்கு ஏறினால் வெளிச்சம் வெளியே வராது. வாய்ப்பக்கம் ஒரு விரல் அளவு விட்டுவிடுங்கள், பாட்டிலைப் பிடித்துத் தூக்க அதுதான் இடம். கடைசியாகக் கறுப்புச் சார்ட் பேப்பரில் வெட்டிய கண், மூக்கு, வாய். ஈரமாக இருக்கும்போது எல்லாம் பால் கொட்டியதுபோல் வெள்ளையாகத் தெரியும். அதைப் பார்த்து "கெட்டுப் போச்சு" என்று பிள்ளைகள் மேலும் மேலும் துடைத்துக் கிழித்துவிடுவார்கள். காய்ந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும் என்று ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஒட்டி முடித்ததை ஃபேனுக்கு அடியில் ஒரு மணி நேரம் தொடாமல் வைக்க வேண்டும். ஹேர் டிரையர் பிடிப்பதானால் குளிர்காற்றில் மட்டும். சூடு பட்டால் மேலே ஆடை கட்டி, உள்ளே ஈரம் நின்று, காகிதம் சுருங்கும்.

ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கண்ணாடி வேண்டாம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவை உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கிக் கொடுங்கள், இல்லையென்றால் காய்ந்தபின் காகிதம் அப்படியே தோலாக உரிந்து வரும்.

விளக்கு ஒட்டி முடிந்ததும் வௌவால். 30 முட்டை வைக்கும் காகிதக் கூழ் அட்டையில் ஒரு வரிசைக்கு ஆறு குழி. மூன்று குழி சேர்ந்தது ஒரு வௌவால். அதாவது ஓர் அட்டையில் பத்து. உங்களுக்கு இரண்டு அட்டை. முட்டை உடைந்து வழிந்த அட்டையைத் தொடவே வேண்டாம், கிருமி இருக்கும். சுத்தமானதைக் கேட்டு வாங்கி ஒரு நாள் வெயில் காட்டுங்கள். முட்டை அட்டையை வீட்டுக்குள் விடாத குடும்பத்துப் பிள்ளைகளும் வருவார்கள் அல்லவா? பழக்கடையில் ஆப்பிள் அடுக்கி வரும் அட்டையும் இதே கூழ்தான், அதையே எல்லோருக்கும் வாங்கிவிடலாம். அதில் குழி பெரியது, அடுக்கும் வேறு. எத்தனை தேறும் என்று வெட்டிப் பார்த்து வாங்குங்கள்.

முதல் நாள் இரவே பெரியவர்கள் பேப்பர் கட்டரால் மூன்று மூன்றாக வெட்டி வைக்க வேண்டும். நடுக்குழி உடம்பு. இரண்டு பக்கக் குழிகளின் கீழ்ப்பாதியை வளைவாக வெட்டி எடுத்தால் சிறகு. இடையில் துருத்தி நிற்கும் கூம்பை மட்டமாக்கிவிடுங்கள். கறுப்பு போஸ்டர் கலரில் ஒரு ஸ்பூன் ஃபெவிகால் கலந்து, தண்ணீர் விடாமல் கெட்டியாகவே கொடுங்கள். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள்: சின்னக் கிண்ணங்களில் கலரும் பக்கத்தில் தண்ணீரும் வைத்தால், பிள்ளைகள் பிரஷ்ஷை முக்கி முக்கி எடுத்து அட்டையை ஊறவைத்துவிடும். ஊறிய கூழ் அட்டைக்கு நிற்கும் பலம் கிடையாது, மாட்டிய பத்து நிமிடத்தில் சிறகு தொங்கிப்போகும். மேஜையில் தண்ணீர்க் கிண்ணமே இருக்கக் கூடாது. ஆளுக்கு ஒரு பிரஷ், ஒரே நிறம். கண்ணுக்கு வெள்ளைத் தாளில் பஞ்சிங் மெஷின் போட்ட பொட்டுகளே போதும். தொங்கவிட உடம்பில் இரண்டு ஓட்டை போடுங்கள். ஒன்று என்றால் வௌவால் தலைகுப்புறச் சாயும்.

இரண்டும் காயும் நேரத்தில் சிலந்தி வலை. ஆளுக்கு மூன்று ஐஸ் குச்சி. முதல் நாளே நட்சத்திரம்போல் குறுக்காக ஒட்டி வைத்துவிடுங்கள். குச்சியின் ஒரு பக்கத்தில் இரட்டைப் பக்க டேப் ஒரு கீற்று ஒட்டினால் நூல் நழுவாது. வெள்ளை உல்லன் நூல் ஒருவருக்கு இரண்டு மீட்டர். தனித்தனியாக அட்டைத் துண்டில் சுற்றி வையுங்கள், முழு உருண்டையைக் கொடுத்தால் சிக்கெடுக்கவே பார்ட்டி முடிந்துவிடும். நடுவில் முடிச்சுப் போட்டு ஆரம்பித்து, ஒவ்வொரு குச்சியையும் ஒரு முறை சுற்றிவிட்டு அடுத்த குச்சிக்குப் போக வேண்டும். சுற்றுக்குச் சுற்று ஒரு சென்டிமீட்டர் தள்ளினால் ஐந்து சுற்றில் வலை. இழுத்துக் கட்டினால் குச்சிகள் கத்தரிக்கோல் மாதிரி மூடிக்கொள்ளும், நூல் விறைக்காமல் தளர்வாக இருக்கட்டும். சின்னவர்களுக்கு எந்தக் குச்சி வரை வந்தோம் என்பது மறந்துபோகும். முதல் குச்சியின் நுனியில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தால் பிடித்துக்கொள்வார்கள். சிலந்திக்கு நான்கு பைப் கிளீனர் துண்டுகளை நடுவில் முறுக்கினால் எட்டுக் கால். நுனிக் கம்பி குத்தும், எல்லாவற்றையும் மடித்துக் கொடுங்கள்.

ஹாலின் நடுவில் ஒரு பெரிய பேய் வேண்டும் என்று எட்டு, பத்து வயதுக்காரர்கள் கேட்பார்கள். அதைச் சனிக்கிழமை செய்ய முடியாது; வியாழன் மாலை அவர்களை மட்டும் அழைத்துச் செய்யுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் தலையில், பெரிய சாத்துக்குடி அளவு ஊதிய பலூனை டேப்பால் ஒட்டுங்கள். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையால் மூடுங்கள், இல்லாவிட்டால் துணி பாட்டிலோடு ஒட்டிக்கொள்ளும். மருந்துக்கடை காஸ் துணி, சுமார் 80 சென்டிமீட்டர் சதுரம். ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி, தலா 100 மில்லி. துணியை முக்கி, இரண்டு விரல் நடுவே உருவிப் பிழிந்து, பலூன்மேல் போர்த்துங்கள். சொட்டச் சொட்டப் போர்த்தினால் பாரம் தாங்காமல் பலூன் சாய்ந்துவிடும். துணியின் ஓரம் சுற்றிலும் மேஜையைத் தொட வேண்டும், அந்த ஓரம்தான் பிறகு பேயின் கால். ஃபேனுக்கு அடியில் முழுதாக 24 மணி நேரம். பிறகு பலூனை உடைத்து பாட்டிலை உருவினால், உள்ளே ஒன்றுமில்லாமல் பேய் தானாக நிற்கும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே இதைச் செய்யலாம். பெரிய பிள்ளைகளும் வாயைப் பிளப்பார்கள். ஃபெவிகாலுக்குப் பதில் மைதாக் கஞ்சி காய்ச்சுவது மலிவு. ஆனால் மழை ஈரத்தில் அது திரும்ப இளகும், கரப்பான் பூச்சியும் தேடி வரும். சுவரொட்டிக்காரர்கள்போல் அதில் மயில்துத்தம் சேர்க்க யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது விஷம்.

முகத்தில் வண்ணம் தீட்டுவதானால் முகத்துக்கென்றே விற்கும் தண்ணீர்க் கலர் மட்டும். முதல் நாள் முழங்கை மடிப்பில் தடவிப் பார்க்கச் சொல்லி அம்மாக்களுக்குச் செய்தி அனுப்புங்கள். கைவேலை ஜிகினாத்தூள் முகத்தில் வேண்டவே வேண்டாம், கண்ணில் விழுந்தால் கீறிவிடும்.

சின்னவள் அழுவதில் தவறே இல்லை. அந்த வயதில் தெரிந்த முகம் மறைந்தால் ஆளே மாறிவிட்டதாகத் தோன்றும். முகத்தில் கட்டும் முகமூடி யாருக்கும் வேண்டாம். காகிதத் தட்டின் பின்னால் ஐஸ் குச்சி ஒட்டிக் கையில் பிடிப்பதாக இருக்கட்டும். வைத்தால் பேய், எடுத்தால் அண்ணன் என்று அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். வௌவாலுக்குக் கண் ஒட்டும் வேலையை அவளுக்கே கொடுங்கள். தன் கையால் கண் வைத்ததைப் பார்த்து அநேகமாக அவள் பயப்படமாட்டாள்.

மாமியாரிடம் விவாதம் வேண்டாம், ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அந்தக் காலத்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து, கோர முகம் வெட்டி, விளக்கு வைத்தார்கள். கெட்டதை விரட்டத்தான். அமெரிக்காவுக்குக் குடிபோனபின் அங்கே பெரிதாகக் கிடைத்த பூசணி அந்த இடத்தைப் பிடித்தது. நாம் கட்டுகிற வீட்டுக்கு முன்னால் முட்டைக் கண்ணும் தொங்கும் நாக்குமாகத் திருஷ்டிப் பூசணி கட்டுவதும் அதற்குத்தானே? 2024-ல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே அக்டோபர் 31-ல்தான் வந்தன. திருஷ்டிப் பூசணிக்கு எப்படி முகம் எழுதுவது என்று பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லி அவரையே கூப்பிடுங்கள். சாம்பல் பூசணியின் வெள்ளைப் பொடிமேல் கலர் ஒட்டாது. கழுவித் துடைத்துவிட்டு எழுத வேண்டும். பரங்கிக்காயைக் குடையும் ஆசையை விட்டுவிடுங்கள். நம் ஊர்க் காயில் சதை தடிமன், கத்தி சறுக்கும், குடைந்த காய் இரண்டு மூன்று நாளில் அழுகத் தொடங்கும். வண்ணக் காகிதத்தில் கண், வாய் ஒட்டினால் மறுநாள் குழம்புக்கும் ஆகும்.

பொருட்களை அவென்யூ ரோட்டில் ஒரே நடையில் வாங்கலாம். சனிக்கிழமைக்கு விடாமல் வார நாளில் போய்விடுங்கள்.

6.40-க்கு ஹாலின் விளக்கை அணைத்து, பாட்டில்களுக்குள் பேட்டரி விளக்கை வைக்கலாம். நிஜ மெழுகுவத்தி கூடவே கூடாது: பாட்டிலைச் சுற்றிக் காகிதம், பிள்ளைகள் மேல் பறக்கும் துணி. பேட்டரி விளக்கிலும் மூடி ஸ்க்ரூ போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் புண்ணாகிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பிள்ளைகள் பாட்டிலை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, உள்ளே இருக்கும் விளக்கைப் பெற்றோர் கையில் தனியாகக் கொடுங்கள். பதினான்கும் போய்ச் சேர்ந்ததா என்று எண்ணிவிட்டு ஹாலைப் பூட்டுங்கள்.