கப்பல் பட்டியலும் பிழைச் செய்திகளும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியில் வேலை நிமித்தம் இருக்கிறேன். இங்குள்ள பெரியவர்கள் சிலர் தங்கள் முன்னோர் வந்த கப்பல்களின் பயணிப் பட்டியலைத் தட்டச்சு செய்து எக்ஸ்எம்எல் கோப்புகளாக வைத்திருக்கிறார்கள். அவற்றை மைஎஸ்க்யூஎல் தரவுத்தள அட்டவணையில் ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு கோப்பில் ஒரு வரிசைகூட ஏறவில்லை, பிழையும் காட்டவில்லை. இன்னொன்றில் தேதி தவறு, வயது தவறு, பெயர் நீளம் அதிகம் என்று வரிசையாகப் பிழைகள். பொருந்தாத தகவலை ஏற்க மறுக்கும் ‘ஸ்ட்ரிக்ட் மோட்’ அமைப்பை அணைத்தால் எல்லாம் ஏறிவிடும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

ர., டர்பன்

அன்புள்ள ர.,

தயவுசெய்து அணைக்காதீர்கள். அணைத்தால் எல்லாம் ஏறும், உண்மைதான். ஆனால் பத்தியில், அதாவது அட்டவணையின் நெடுவரிசையில், இடம் போதாத பெயர் பாதியில் வெட்டுப்படும். வயது ‘3 மாதம்’ என்றிருக்கும் கைக்குழந்தை, எண் பத்தியில் வெறும் 3 ஆகி, மூன்று வயதுப் பிள்ளையாகிவிடும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்துசேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பல் தொடங்கி 1911 வரை சுமார் 1,52,000 பேர் டர்பன் அடங்கிய நேட்டாலுக்குக் கூலி ஒப்பந்தத்தில் வந்தார்கள். அவர்களின் பெயர்களை அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார்கள். இன்னொரு முறை அவற்றை நாம் சிதைக்க வேண்டாம்.

ஒன்றுமே ஏறாத கோப்புக்குக் காரணம் அநேகமாக டேக்தான், அதாவது ஒவ்வொரு தகவலையும் சுற்றிக் கோணக் குறிகளுக்குள் எழுதும் பெயர். கோப்பை அட்டவணையில் ஏற்றும் ‘லோட் எக்ஸ்எம்எல்’ கட்டளையில் எந்த டேக் ஒரு வரிசை என்று சொல்லாவிட்டால் அது ‘ரோ’ என்ற டேக்கைத் தேடும். உங்கள் கோப்பில் ‘பாசஞ்சர்’ என்றிருந்தால் எதுவும் கிடைக்காமல் சத்தமில்லாமல் முடித்துக்கொள்ளும். ‘ரோஸ் ஐடென்டிஃபைட் பை’ சேர்த்துச் சரியான டேக்கைக் கொடுங்கள். உள்ளே இருக்கும் டேக்குகளின் பெயரும் பத்திகளின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பொருந்தாதவை விடுபட்டுப்போகும், அதற்கும் பிழை வராது. அப்புறம், ஏற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு கோப்பையும், எக்ஸ்எம்எல் அமைப்பைச் சரிபார்க்கும் ‘எக்ஸ்எம்எல்லின்ட்’ கருவியில் ஓட்டிப் பாருங்கள். கையால் தட்டியவற்றில் மூடாத டேக்கும் தனியாக நிற்கும் ‘&’ குறியும் நிச்சயம் இருக்கும். எந்த வரியில் என்று அது காட்டிவிடும்.

மற்றப் பிழைகளுக்கு ஒரே வழி: இறுதி அட்டவணையில் நேரடியாக ஏற்றாதீர்கள். எல்லாப் பத்தியும் வெறும் எழுத்தாக, தாராள நீளத்தில், எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் ‘யுடிஎஃப்8எம்பி4’ குறியீட்டில் ஓர் இடைக்கால அட்டவணை போடுங்கள். அங்கே எல்லாம் வந்தபடியே உட்காரட்டும். பிறகு ‘16/11/1860’ போன்ற தேதிகளை ‘எஸ்டிஆர்_டு_டேட்’ கொண்டு மாற்றி இறுதி அட்டவணைக்கு அனுப்பலாம். வயதுக்கு எண் பத்தியோடு மூல எழுத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடைக்கால அட்டவணையில் பயணி எண்ணை முதன்மைச் சாவியாக, அதாவது ஒரே மதிப்பு இருமுறை வரக் கூடாத பத்தியாக, வைக்காதீர்கள். கோப்பை உங்கள் கணினியிலிருந்து எடுக்கக் கட்டளையில் ‘லோக்கல்’ சேர்த்து ஏற்றும்போது ஒரே எண் இரண்டு முறை வந்தால் இரண்டாவது ஆளை எச்சரிக்கையோடு விட்டுவிடும். ‘ஷோ வார்னிங்ஸ்’ பார்த்தால்தான் தெரியும். தட்டச்சில் ஓர் இலக்கம் மாறியதற்காக ஒரு மனிதர் பட்டியலிலிருந்தே காணாமல் போகலாமா? கோப்பில் எத்தனை ‘பாசஞ்சர்’, அட்டவணையில் எத்தனை வரிசை என்று எண்ணி ஒப்பிடுங்கள். இரட்டித்த எண்களைத் தனியே எடுத்து அந்தப் பெரியவர்களிடம் கொடுங்கள். மூலப் பட்டியலைப் பார்த்து எது யாருடையது என்று அவர்கள் சொல்லட்டும்.