பட்டறைக் கேள்வி பதில்: நீட்டுச் சாமான்களும் வேனும்

தச்சு வேலை குறித்து வாசகர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பட்டறை நடத்தும் தச்சர் இப்பகுதியில் பதில் எழுதுகிறார். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேனைப் பற்றியவை.

கேள்வி: ஐயா, தாமான் (குடியிருப்பு) வீடுகளுக்குச் சமையலறை அலமாரி செய்து கொடுக்கிறேன். என்னிடம் இருப்பது நிசான் என்வி200 வேன். பின்பக்கம் உள்ளே அளந்தால் நீளம் ஏறத்தாழ 2 மீட்டர், அகலம் 1.5 மீட்டர், உயரம் 1.3 மீட்டர். டிராக் சாவுக்காக (சட்டத்தின்மேல் நேராக ஓடும் மின்ரம்பம்) 2.7 மீட்டர் கைடு ரெயில், அதாவது அது ஓடும் அலுமினியச் சட்டம், வாங்கினேன். அதைத் தரையில் போட்டு, முன்முனையை இரண்டு இருக்கைகளுக்கு நடுவே நீட்டிவிடுவேன். மிச்சப் பலகைகள் அதன்மேல் ஏறும். மட்டம் பார்க்கும் ஆறடி ரசமட்டமும், பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் நீண்ட சாஷ் கிளாம்புகளும் பக்கத்தில் கிடக்கும். இப்போதெல்லாம் வெட்டிய ஓரங்கள் இரண்டையும் சேர்த்து வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிகிறது. ரம்பத்தின் குறையா, ரெயிலின் குறையா? வெயிலில் வேன் கொதிப்பதால் ரெயில் வளைந்திருக்குமா?
— வாசகர், பீடோர்

பதில்: தம்பி, ரம்பத்தைத் திட்டுமுன் ரெயிலைச் சோதித்துப் பாருங்கள். எட்டடி பிளைவுட் ஒன்றைத் தரையில் போட்டு அதன்மேல் ரெயிலை வையுங்கள். இரு முனையும் சமமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். ரப்பர் இல்லாத ஓரத்தை ஒட்டிக் கூர்மையான பென்சிலால் கோடு இழுங்கள். பிறகு ரெயிலைத் தலைமாற்றி, அதே ஓரம் கோட்டின் மறுபக்கத்திலிருந்து வந்து தொடும்படி வைத்து, கோட்டின் இரண்டு முனைகளையும் பொருத்தி இன்னொரு கோடு இழுங்கள். இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் ரெயில் நேர். நடுவில் பிரிந்தால், தெரிகிற இடைவெளியில் பாதிதான் உண்மையான வளைவு. ரசமட்டத்தையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும். ஒரே இடத்தில் தலைமாற்றி வைக்கும்போது குமிழி வேறிடத்தில் நின்றால் மட்டம் பொய் சொல்கிறது.

வெயிலின் மேல் பழி போட முடியாது. அலுமினியம் சூட்டில் நீளும் என்பது உண்மைதான். 2.7 மீட்டர் ரெயில் 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளும். ஆறினால் பழைய நீளத்துக்கே வந்துவிடும். நீள்வது வேறு, வளைவது வேறு. உங்கள் ரெயிலை வளைத்தது சுமையும் இடியும். பலகைச் சுமையால் மேல்கீழாக வளைந்தது, வேலையின்போது பலகைமேல் வைத்தால் ஓரளவு படிந்துவிடும். பக்கவாட்டில் வளைந்தது படியாது. முன்முனை இருக்கைகளுக்கு நடுவே சிக்கியிருக்க, நீங்கள் வளைவில் திரும்பும்போதெல்லாம் சாஷ் கிளாம்புகள் சரிந்து வந்து அதன் விலாவில் இடித்திருக்கும். வெளிச்சம் தெரிவது அதனால்தான் என்று கடிதத்தை வைத்தே சொல்கிறேன். கோடு இழுத்துப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.

வளைந்ததை முட்டியில் வைத்து நிமிர்த்தாதீர்கள். நிமிராது, ஒரு வளைவு இரண்டு வளைவாகும். கெடாத பகுதியை மட்டும் ஒரு மீட்டருக்கு அறுத்து வைத்துக்கொண்டால் அலமாரிக் கதவு வெட்ட உதவும்.

அடுத்து, அந்த வேனுக்கு 2.7 மீட்டர் ரெயில் ஆகாது. தரையில் மூலைக்கு மூலை போட்டாலும் கிடைப்பது இரண்டரை மீட்டர்தான். தரை மூலையிலிருந்து எதிர்க் கூரை மூலைக்குக் குறுக்காகச் செருகினால் 2.8 மீட்டர் வரும், ரெயில் நுழைந்துவிடும். ஆனால் வேறு எதுவும் நுழையாது. 1.4 மீட்டர் ரெயில் இரண்டு வாங்குங்கள். இணைத்தால் 2.8 மீட்டர். எட்டடிப் பலகை 2.44 மீட்டர்தான், ரம்பம் நின்று தொடங்கவும் முடிக்கவும் இடம் மிஞ்சும். இணைக்கும்போது முனையோடு முனை முட்டவிடாமல் ஒரு மயிரிழை இடைவெளி விடுங்கள், ஏனென்றால் முனைகள் சரியான மூலைமட்டத்தில் (90 டிகிரியில்) அறுபட்டிருக்கும் என்று நம்ப முடியாது. ஆறடி ரசமட்டத்தை ஓரத்தில் அணைத்து இரண்டையும் நேராக்கியபின் திருகுகளை இறுக்குங்கள். அளவோடு இறுக்கினால் போதும். கூடுதலாக முறுக்கினால் திருகு அலுமினியத்தைப் பள்ளமாக்கும், அடுத்த முறை இணைப்பு அந்தப் பள்ளத்துக்கே போய் உட்காரும்.

வைக்கும் இடத்துக்கு வருவோம். உங்கள் வேன் மாதிரி சிறிய வண்டியில் சுவரில் நீளப் பெட்டி அடித்தால் பக்கக் கதவை மறைக்கும். நான் பொய்த்தளம் போடச் சொல்வேன். தரையிலிருந்து பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குச் சட்டங்கள், அவற்றின்மேல் 18 மில்லிமீட்டர் பிளைவுட். சட்டங்களுக்கு நடுவே வண்டியின் நீளவாக்கில் ஓடைகள்: ரெயில் ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் அகலம் இருக்கும், ஆகவே அதற்கு 20 சென்டிமீட்டர், ரசமட்டத்துக்கு அதில் பாதி. அடியிலும் பக்கங்களிலும் பழைய கார்ப்பெட் துண்டுகளை ஒட்டுங்கள். பின்கதவைத் திறந்ததும் மேசை இழுப்பறையிலிருந்து எடுப்பது போல உருவிக்கொள்ளலாம். பலகைச் சுமை முழுவதையும் தளம் தாங்கும். நேர் பார்க்கும் கருவியின் மேல் கைக்குட்டைகூட ஏறக்கூடாது என்பது என் பட்டறைச் சட்டம்.

ரெயிலின் அடியிலுள்ள ரப்பர் உதடு கார்ப்பெட்டில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது கிழிந்தால் வெட்டிய ஓரத்தில் சிலும்பு எழும். இரண்டு ரெயில்களையும் ரப்பர் பக்கம் மேலே இருக்கும்படி, நடுவில் துணி விரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கலாம். ஓடையின் முன்பக்கத்தைக் கனமான சட்டத்தால் அடைத்துவிடுங்கள். பின்பக்கத்துக்கு ஒரு சுழல் கட்டை போதும். தளத்தைப் பிடிக்க வண்டித் தரையைத் துளைக்க வேண்டாம். சாமான் கட்டுவதற்காகத் தரையில் வளையங்கள் இருக்கும், அந்தத் துளைகளிலேயே போல்ட் போடலாம். புதிதாகத் துளைத்த இடத்தில் நம் ஊர் மழைக்குத் துரு தொடங்கிவிடும்.

சாஷ் கிளாம்புகளை இவற்றோடு சேர்க்கவே கூடாது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தடுப்புப் பலகை ஒன்று நிறுத்தி, அதன் பின்புறத்தில் கிளாம்புகளை நிமிர்த்தி வைத்து, கால்கள் ஒரு தாழ்ந்த பெட்டிக்குள் இறங்க, இடுப்பில் ராச்செட் பெல்ட் (பல்சக்கரத்தால் இறுக்கும் வார்) போட்டு இறுக்குங்கள். கனம் கீழேயும் முன்னாலும் இருந்தால் வண்டி ஆடாது.

கேள்வி: என் கணவர் கூரை வேலை செய்கிறார். ஐந்தடிக் கடப்பாரை, நீண்ட நீர்மட்டம், இரும்புக் குழாய் எல்லாம் வேனில் முன்பக்கம் பார்த்துக் கிடக்கின்றன. கோயிலுக்குப் போகும்போது நானும் மகனும் அதே வேனில்தான் முன்னால் உட்காருகிறோம். "மெதுவாகத்தானே ஓட்டுகிறேன்" என்கிறார். நான் பயப்படுவது அதிகமா?
— வாசகி, ரவாங்

பதில்: அதிகமே இல்லை அம்மா, போதவில்லை. அவர் மெதுவாக ஓட்டுவது மணிக்கு 60 கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். அது வினாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். எதிரே செம்பனை லோரி ஒன்று திடீரென்று திரும்பி, வேன் போய் மோதி நின்றால், கடப்பாரை நிற்காது. அதே வேகத்தில் முன்னால் வரும். 14 மீட்டர் உயரத்திலிருந்து நேர்குத்தாக விழும் கடப்பாரைக்கு உள்ள வேகம் அது. முனை கூர்மை என்பதால் இருக்கையின் பஞ்சு அதைத் தடுக்காது.

இன்றே செய்யக்கூடியது: நீட்டுச் சாமான்களை இருக்கைகளுக்கு நடுவே வரும்படி வைக்காமல், பக்கச் சுவரை ஒட்டித் தள்ளி, இரண்டு இடங்களில் பெல்ட் போட்டுக் கட்டுவது. அடுத்து, இருக்கைகளுக்குப் பின்னால் வண்டியின் உடலோடு போல்ட் போட்ட தடுப்பு. வெறுமனே சாய்த்து வைத்த பிளைவுட் தடுப்பாகாது, அதுவும் சேர்ந்து பறந்து வரும். கடப்பாரையின் முனை அந்தத் தடுப்பில் முட்டியபடியே இருக்கட்டும். இடைவெளி விட்டால் ஓடிவந்து மோதும். இதெல்லாம் முடியும்வரை கோயிலுக்குப் பஸ்ஸில் போங்கள். இந்தப் பதிலை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கோபப்பட்டால் என்மேல் கோபப்படட்டும்.

கேள்வி: 26 அங்குலக் கைரம்பமும் நீண்ட இழைப்புளியும் வேனிலேயே இருக்கின்றன. எவ்வளவு எண்ணெய் பூசினாலும் துரு பிடிக்கிறது. கடல் காற்றா காரணம்?
— வாசகர், சித்தியவான்

பதில்: கடல் காற்றுக்கும் பங்குண்டு. ஆனால் முதலில் உங்கள் வேனுக்குள் இருக்கும் தண்ணீரைக் கணக்கெடுங்கள்: நனைந்த சாக்கு, ஈரக் காலணி, புதிதாக அறுத்த மெராந்திப் பலகை. பச்சை மரம் மூடிய வேனுக்குள் இரவெல்லாம் ஈரத்தை விடும். போதாததற்கு ஏர்கோன் வேறு. குளிர்ந்த இரும்பை நம் ஊர்க் காற்றில் வெளியே எடுத்தால் அதன்மேல் பனித்துளி கட்டும். அப்படியே உறையில் போட்டு மூடினால் எண்ணெய்க்கு அடியிலும் துரு வரும். எடுத்ததும் துடையுங்கள், வேலை முடிந்ததும் கை வியர்வையையும் துடையுங்கள். வியர்வையில் உப்பு இருக்கிறது. துரு பிடித்த இடத்தில் விரல் ரேகை தெரிவது அதனால்தான்.

எண்ணெய் என்றால் தையல் இயந்திர எண்ணெய், மெல்லிய பூச்சாக. ரம்பத்தின் பக்கங்களில் வெள்ளை மெழுகுவத்தியைத் தேய்த்துத் துணியால் மெருகேற்றுங்கள். துருவுக்கும் நல்லது, அறுக்கும்போது வழுக்கிக்கொண்டும் போகும். பல் பக்கத்துக்குத் தோட்டக் குழாயை நெடுகப் பிளந்து மாட்டலாம், ஆனால் ஈரத்தோடு மாட்டக்கூடாது. மெர்பாவ் மரத்தூளை ஈர இரும்பின்மேல் விட்டுவைக்காதீர்கள், கறுத்த கறை ஏறும். இழைப்புளியைப் படுக்க வைப்பதா, நிறுத்தி வைப்பதா என்று சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேனுக்குள் அலகை உள்ளே இழுத்துவிட்டு எப்படி வேண்டுமானாலும் வையுங்கள்.

கேள்வி: தோட்டத்தில் கழித்துவிட்ட அலுமினியக் கழி ஒன்று கிடைத்தது, செம்பனைக் குலை அறுக்கும் அரிவாள் மாட்டுவது. ரசமட்டத்தை அதற்குள் போட்டு வேனில் வைக்கலாமா?
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: அதன் வாய் சிறியது, மட்டம் நுழையாது. மட்டத்துக்கு நான்கங்குலப் பிவிசி குழாய் வாங்குங்கள். அடியில் சில துளைகள் போட்டால் ஈரம் தங்காது. கழியைத் துண்டாக்கி, வேன் கூரையோரம் குறுக்காகப் பொருத்தினால் கயிறும் பெல்ட்டும் தொங்கவிடலாம். கனமான எதையும் அதில் தொங்கவிட வேண்டாம். கிடைத்த இடத்திலேயே அறுத்துவிட்டு எடுத்து வாருங்கள். முழு நீளத்தில் தூக்கிக்கொண்டு மின்கம்பிக்கு அடியில் நடந்தால் உயிருக்கு ஆபத்து. அறுத்த வாயை அரத்தால் தேய்த்துவிடுங்கள், கையைக் கிழிக்கும்.