மறுவாழ்வு மருத்துவ இடத்தை விட்டுவிடாதீர்கள்

மேற்படிப்பில் பி.எம்.ஆர். எனும் மறுவாழ்வு மருத்துவத்தில் இடம் கிடைக்கும் போலிருக்கிறது, ஆனால் வீட்டில் "பிசியோதெரபிக்கா எம்.பி.பி.எஸ். படித்தாய்?" என்று கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தயங்காமல் எடுங்கள், தம்பி. தஞ்சாவூர்ப் பக்கம் இதே துறையில்தான் இருக்கிறேன்.

பிசியோதெரபிஸ்ட் நமக்கு வலது கை. ஆனால் நோயைக் கணிப்பது, தசை இறுக்கத்துக்குப் போட்டுலினம் ஊசி போடுவது, செயற்கைக் காலுக்கு எழுதிக்கொடுப்பது, சிறுநீர்ப்பையைக் காப்பது எல்லாம் மருத்துவரின் பொறுப்பு.

திருவையாறு அருகே தென்னையிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்விழந்த ஒருவர். சக்கர நாற்காலி இருந்தும் எட்டு மாதமாகத் திண்ணையைத் தாண்டவில்லை. காரணம், வாசலில் மூன்று படி! கொத்தனாரை அழைத்து, 2 அடி உயரத்துக்கு 24 அடி நீளத்தில் சரிவு கட்டச் சொன்னோம். இடம் போதாமல் வளைத்துக் கட்டினார். தானே குழாய் வைத்துச் சிறுநீர் எடுக்கவும் அவர் பழகிவிட்டார். இப்போது காலையில் வாய்க்கால் கரை வரை போய் நாற்றங்காலைப் பார்த்துவிட்டு வருகிறார்.

டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றி வீட்டில் சொல்லுங்கள். 1954-இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், பிறகு வேலூரில் இத்துறையையே வளர்த்தார்.

வருமானம் மெதுவாகத்தான் ஏறும். நோயாளிகளை அனுப்பும்படி டெல்டாவில் நரம்பியல், எலும்பு மருத்துவர்களை நீங்களே போய்ப் பார்த்துப் பேச வேண்டியிருக்கும். கலந்தாய்வுக்கு முன் சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் அனுமதி கேட்டு ஒரு நாள் இருந்து பாருங்கள். வீட்டாரையும் அழைத்துப் போங்கள்.